பிள்ளைகள் பெயரில் எழுதும் கடன்

அறுபது வயதில் கையில் காசில்லாமல் நிற்கும் பெற்றோரைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. "எல்லாத்தையும் பிள்ளைகளுக்கே செஞ்சுட்டாங்க." சொல்கிறவர் குரலில் மரியாதை இருக்கும். அந்த மரியாதை அவர்களுக்குச் சேர வேண்டியதுதானா என்று கேட்கவே இதை எழுதுகிறேன். சம்பாதித்த காலமெல்லாம் கடன் வாங்கி விழா எடுத்துவிட்டு, முதுமைக்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்காமல், கடைசியில் மகன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவதைத் தியாகம் என்று நான் ஏற்கவில்லை. வருமானம் இருந்தும் அப்படிச் செய்தவர், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் பெயரில் கடன் எழுதியவர்.

‘வருமானம் இருந்தும்' என்பதைக் கவனித்துப் படியுங்கள். அன்றாடக் கூலிக்கே வழியில்லாதவர்கள் மேல் எனக்கு இந்தக் கோபம் இல்லை. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மதுரைக்கு மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டித் தேனி வரைக்கும் செய்முறை என்பது ஒரு தனிப் பொருளாதாரம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், குடிபுகுதல் என்று வரிசையாக வரும். இவை எதற்கும் வீட்டில் ஆள் இல்லையென்றால் ‘வசந்த விழா' என்று பெயர் வைத்து ஒன்று எடுப்பார்கள். மண்டபம் பிடித்து, ரோட்டோரம் பிளக்ஸ் கட்டி, கிடா வெட்டிப் பந்தி போட்டால் மொய் மேசையில் கூட்டம் நிற்கும். நோட்டு எழுதிய இடத்தில் இப்போது பல ஊர்களில் லேப்டாப் வந்துவிட்டது. மொய் வைத்தவர் கையில் அச்சடித்த ரசீதே கொடுக்கிறார்கள். வந்த மொய் ஒருநாள் திரும்பிப் போக வேண்டும், கொஞ்சம் கூடுதலாக. போகாவிட்டால் ஊரில் பேச்சு.

இதை மூடப்பழக்கம் என்று ஒரே வீச்சில் தள்ள எனக்கு மனமில்லை. வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் மானாவாரி விவசாயி வட்டியில்லாமல் மொத்தமாகப் பணம் புரட்ட இருந்த வழி இதுதான். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஏமாற்றினால் நாலு ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற ஒரு பயம் போதுமாக இருந்தது. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவரும் மாடு வாங்கியவரும் உண்டு. அது புத்தியுள்ளவர்கள் செய்த ஏற்பாடு. வந்த மொய் மண்டபத்துக்கும் கிடாவுக்கும் பிளக்ஸுக்கும் பாட்டுக் கச்சேரிக்குமே போய்ச் சேரத் தொடங்கியபோதுதான் அது கெட்டது. வாங்கிய பணம் அன்றைக்கே கரைந்துவிடுகிறது. திருப்பிக் கொடுப்பது இருபது வருடம் ஓடுகிறது.

அறுபதில் இது எப்படி முடிகிறது என்று யாரும் பேசுவதில்லை. சம்பளம் நின்றுவிடும், மொய் நோட்டு நிற்காது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். மாதம் 3,000 ரூபாய் பென்ஷன் வாங்குகிற மில் தொழிலாளி ஒரே முகூர்த்த நாளில் மூன்று மண்டபத்துக்கு மஞ்சள் பையோடு பஸ் ஏறுகிறார். அவரால் முடியாமல் போனால் அந்த நோட்டு மகன் கைக்கு மாறும். அப்பா யாருடைய வீட்டில் எவ்வளவு வாங்கினார் என்பதே தெரியாத மகன், முகம் தெரியாத மனிதர்களுக்கு வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பான்.

அடுத்தது நகை. விழாவுக்குக் கையில் பணம் இல்லாதவர் முதலில் தொடுவது மனைவியின் நகையை. வளையல் போகும், நெக்லஸ் போகும், கடைசியில் தாலிக்கொடியும் போகும். கொடியை அடகில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மறைத்தபடி கல்யாண வீட்டுக்கு வரும் பெண்களை இந்த ஊரில் பார்க்காதவர் யார்?

அந்த வீட்டில் முதுமைக்கென்று இருந்த ஒரே சேமிப்பு அந்த நகைதான். அவளுக்கு பி.எஃப். கிடையாது. வீட்டுப் பத்திரத்தில் பெயர் கிடையாது. பெரும்பாலும் கணவனைவிட இளையவள், அவனுக்குப் பின்னும் பல வருடம் இருக்கப்போகிறவள். அவளுடைய கிழவயதுச் சோற்றை அடகு வைத்துத்தான் நாத்தனார் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் தட்டுகள் ஊர்வலமாகப் போகின்றன. "கழட்டிக் குடு, ஆறு மாசத்துல திருப்பிடலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது அவளிடம் கேட்கும் சம்மதம். ஒரு பெண்ணின் சொத்தை இப்படி எடுப்பதற்குக் குடும்பப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வெளியாள் செய்தால் போலீசுக்குப் போவோம்.

ஆறு மாதம் ஒரு வருடமாகும். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். அண்மையில் வங்கிகள் கறார் காட்டத் தொடங்கின: முதலும் வட்டியும் முழுக்கக் கட்டி நகையை மீட்டால்தான் மறுபடி வைக்கலாம். உடனே அதற்கென்று ஒரு தொழில் முளைத்துவிட்டது. காலையில் ஒருவர் மொத்தப் பணத்தையும் தருவார். அதைக் கட்டி நகையை மீட்டு, திரும்ப வைத்து, வந்த பணத்தில் அவர் முதலையும் அவருக்கான கூலியையும் கொடுத்துவிட வேண்டும். பழைய கடனைப் புதுக்கடன் ஆக்குவதற்கு நடுவில் ஒரு குட்டிக் கடன்.

கணக்கைப் பாருங்கள். 3 லட்சம் ரூபாய் நகைக்கடன், வங்கியில் 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 30,000. பத்து வருடம் திருப்பித் திருப்பி வைத்தால் வட்டி மட்டும் 3 லட்சம். முதல் அப்படியே நிற்கும். தனியார் அடகுக் கடையில் ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 72,000. இத்தனை வருடமும் அந்த நகையை யாரும் போட்டுக்கொள்ளவில்லை. அது இருட்டில் ஒரு கவருக்குள் கிடந்தது.

"தங்கம் எப்படி ஏறிப்போச்சு பார்த்தீங்களா? வித்திருந்தா நஷ்டம்தானே?" என்பார்கள். நியாயமான கேள்விதான். வங்கி வட்டிக்கு வைத்துத் தாக்குப்பிடித்து நகையை மீட்டவர்களுக்கு லாபமே கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் விலை ஏறும்போது பெரும்பாலானவர்கள் நகையை மீட்பதில்லை. அதே நகைக்கு இப்போது கூடுதல் தொகை கிடைக்கும் என்று திரும்ப வைக்கிறார்கள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளில் 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் வந்துவிட்டது. ஏறிய விலை முழுக்கக் கடனாக மாறி, அடுத்த காதுகுத்துக்குப் போய்ச் சேருகிறது. மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடைப் பலகையில் எழுதும் விலைக்கும் அந்தப் பெண்ணின் முதுமைக்கும் இதனால் ஒரு சம்பந்தமும் இல்லாமல் போகிறது.

பத்து சவரன் அடகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலை விற்றுக் கடனை அடைத்தால் ஆறு வீட்டுக்கு வரும், வட்டியும் நிற்கும். இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். நகையை விற்பது மானக்கேடாம், அடகு வைப்பது இல்லையாம். வாஸ்துவையும் ராகுகாலத்தையும் கேலி செய்கிறவர்கள்கூட இந்த நம்பிக்கையைத் தொடுவதில்லை. எதை விற்பது, விற்ற பணத்தில் மிச்சத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் நகைக்கு உரியவர், அதாவது அந்த மனைவி.

கடனில் இருக்கும் அதே வீட்டில் சேமிப்பும் நடக்கும். அதுதான் எனக்குப் பெரிய வேதனை. நகைக்கடையில் மாதச்சீட்டு, தெருவில் தீபாவளிச் சீட்டு, எல்.ஐ.சி. பாலிசி ஒன்று, பக்கத்திலேயே மூணு வட்டிக்கு ஒரு லட்சம். மூணு வட்டி என்றால் மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. அதே ஒரு லட்சத்தை பொது வருங்கால வைப்பு நிதியில், அஞ்சலகத்தில் பி.பி.எஃப். என்பார்களே, அதில் 7.1 சதவீதத்துக்குப் போட்டு வைத்திருந்தால் வருவது 7,100. இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பவர் வருடத்துக்கு 28,900 ரூபாயை வெளியே எறிகிறார், அதுவும் சேமிக்கிறேன் என்ற திருப்தியோடு. பரவை, மாட்டுத்தாவணி மார்க்கெட்டுகளில் ஓடும் தண்டல் இதைவிடக் கொடியது. 10,000 கடன் என்று எழுதி 1,500-ஐ முன்னாடியே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வருடக் கணக்கில் பார்த்தால் 120 சதவீத அளவுக்கு வட்டி. இதற்கு ஈடாக வருமானம் தரும் சேமிப்பு உலகத்தில் எங்கேயும் கிடையாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. சேமிப்பில் கை வைத்தால் அது திரும்ப வராது என்ற பயம், பட்டவர்களின் பயம். ஆனாலும் கணக்கு கணக்குதான். முதலில் தண்டலும் மூணு வட்டியும் போக வேண்டும். அதற்காக ஆர்.டி.யை உடைக்கலாம், சீட்டைத் தள்ளி எடுக்கலாம், ஒன்றிரண்டு சவரனை விற்கலாம். அடுத்து அடகு. தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கடனை அவசரப்பட்டு அடைக்கத் தேவையில்லை. அதன் வட்டி குறைவு. சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப்.-ஐ மட்டும் எந்தக் கடனுக்காகவும் எடுக்கக் கூடாது, அதில் முதலாளி போடும் பங்கும் சேர்ந்திருக்கிறது. பீரோவில் இல்லாமல் வங்கிக் கணக்கில் இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் ஒரு டெங்கு காய்ச்சல் வந்தால் மறுபடி தண்டல்காரரே கதி.

அந்த ஒரு லட்சத்தை அடைத்தபின் மாதம் மிச்சமாகும் 3,000 ரூபாயை அப்படியே பி.பி.எஃப்.-இல் இருபது வருடம் போட்டால், இன்றைய வட்டி விகிதம் நீடித்தால், 15 லட்சத்தைத் தாண்டும். வட்டிக்காரருக்கு மாதாமாதம் தவறாமல் கொடுக்க முடிந்த கைக்கு இதுவும் முடியும்.

அரசுத் திட்டம் இருக்கிறதே என்று சும்மா இருப்பவர்களுக்கு மூன்று எண்கள். தனியார் தொழிலாளர் ஓய்வூதியத்தில் சம்பள உச்சவரம்பு 15,000; முப்பத்தைந்து வருடப் பணிக்கும் சூத்திரப்படி வருவது மாதம் 7,500-தான். குறைந்தபட்சம் 2014 முதல் 1,000. அடல் பென்ஷனில் முப்பது வயதுக்காரர் மாதம் 577 கட்டினால் அறுபதுக்குமேல் 5,000 கிடைக்கும். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அன்றைக்கு அந்த 5,000-இல் வாங்கக்கூடியது, இன்றைய 900 ரூபாய்க்கும் குறைவான சாமான். அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மட்டும் போதாது.

சுயமரியாதை இயக்கத்தின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் எனக்கு இன்னும் கடுமையான கேள்வி இருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு கேட்டது. புரோகிதரும் சடங்கும் இல்லாத திருமணம் 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தத்தால் சட்டமானது. 1989-இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகு நாம் புரோகிதரை மட்டும் நிறுத்திவிட்டு ஆயிரம் பேர் பந்தியை வைத்துக்கொண்டோம். மேடையில் மந்திரம் கேட்காத கல்யாணங்களுக்கும் சீர்வரிசை வேனில் வந்து இறங்குகிறது. மகளுக்கு ஐம்பது சவரன் போடக் கடன் வாங்குகிறார்கள். பிறகு "அவளுக்குத்தான் போட்டாச்சே" என்று சொல்லிப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். கடனும் மிஞ்சுகிறது, பெண்ணின் பங்கும் போகிறது. அவள் பிறந்த வருடத்திலிருந்து அவள் பெயரில் சேமித்துவந்து, படிக்க வைத்து, வீட்டில் பங்கை எழுதி வைத்திருந்தால் கடனுக்கே வேலை இருந்திருக்காது. நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் கடவுள் நம்பிக்கையைவிட ஆழமாக நமக்குள் இறங்கியிருக்கிறது.

பிள்ளை பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? வேண்டும். சட்டமே சொல்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 வரை ஜீவனாம்சம் தர உத்தரவிடலாம். ஆனால் அந்த அலுவலகத்துக்கு மனுவோடு வருகிற வீட்டில், எதிரே நிற்கும் மகனுக்கும் ஒரு கதை இருக்கும். நாற்பது வயது, வீட்டுக்கடன் தவணை, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ், அப்பாவின் மொய் நோட்டு. அவனும் தன் முதுமைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. இருபது வருடத்தில் அவன் மகன் அதே இடத்தில் நிற்பான்.

இந்த வட்டாரத்தில் இதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தல் 2010-இல் செய்திகளில் வெளிவந்தது. ‘பாரம்' என்ற படம் அதைப் பற்றியதுதான். அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் நாட்டில் அது நடந்தது. பாசத்தையே முதுமைக்கு முதலாக வைத்தால், வறுமை வரும் நாளில் அந்தப் பாசம் எதையும் தாங்காது என்று எனக்கு அந்தச் செய்திகள் சொல்லின.

வருமானமே இல்லாதவர்கள் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அழகர்கோவில் பக்கம் பில்லுச்சேரி சின்னப்பிள்ளையை நாடறியும். கூலி வேலை செய்த பெண். மதுரை தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்களில் பெண்களைச் சேர்த்து, சிறுகச் சிறுகச் சேமிக்கவைத்து, கந்துவட்டிக்காரரிடமிருந்து அவர்களை மீட்டவர். 2001 ஜனவரியில் விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-இல் பத்மஸ்ரீ. அப்படிப்பட்டவருக்கு முதுமையில் சொந்தமாக ஒரு நல்ல வீடு இல்லாமல், 2024 மார்ச்சில் ‘கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் முதலமைச்சர் வீடு அறிவிக்க வேண்டியிருந்தது. சேமிப்பை ஒரு இயக்கமாகவே நடத்தியவர் நிலை இது. ஏழைகள் சேமிக்காததால்தான் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று இனி யாரும் என் முன்னால் சொல்ல வேண்டாம்.

விடிகாலையில் குழு லோன் வசூலுக்கு வந்து உட்காரும் ஆள், ஒருத்தி தவணை வராவிட்டால் பத்துப் பெண்களையும் வேலைக்குப் போகவிடாமல் உட்காரவைப்பார். அந்தப் பெண்ணிடம் போய் பி.பி.எஃப். பற்றிப் பேசுவது கொடுமை. 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2017-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே கந்துவட்டிக்குத் தீக்குளித்தது. அதற்குப் பிறகு திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவோடு வருகிறவர்களின் பையில் போலீசார் மண்ணெண்ணெய் பாட்டிலைத் தேடுகிறார்கள். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. மாநில அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 1,200. அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரையுள்ளவருக்கு ஒன்றிய அரசின் பங்கு அதில் 200 ரூபாய்தான், பல வருடமாக நகராத 200. நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் தேய்ந்த உடம்புக்கு முதுமைச் சோறு அரசின் பொறுப்பு. அவர்களுக்குச் சேமிப்பு உபதேசம் செய்வதை நிறுத்திவிட்டு, அந்த 200-ஐ உயர்த்தச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

மற்றவர்களுக்கு, மாதச் சம்பளமோ கடை வருமானமோ இருப்பவர்களுக்கு, நான் சொல்வது இதுதான். ஐம்பது வயதில் மொய் நோட்டை எடுத்து மனைவியோடும் பிள்ளைகளோடும் உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் கடை, எந்த வங்கியில் எத்தனை கிராம் இருக்கிறது, யாருடைய நகை, என்ன வட்டி என்று இன்னொரு தாளில். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று தயங்காதீர்கள், கடைசியில் கட்டப்போகிறவர்கள் அவர்கள்தான். அதற்குப் பிறகு வீட்டில் நடக்கும் விழாவுக்குப் பத்திரிகையின் அடியில் ‘மொய் தவிர்க்கவும்' என்று ஒரு வரி போடுங்கள், இப்போதே சில வீடுகளில் போடுகிறார்கள். வாங்கியதை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து வாருங்கள், புதிதாக எதுவும் வாங்காமல். கொடுத்து முடித்த பெயரை மனைவி முன்னால் அடியுங்கள். பத்து வருடத்தில், வேலையிலிருந்து இறங்குவதற்குள், அந்த நோட்டில் அடிக்காத பெயர் ஒன்றும் இருக்காது.